வெயில் ஏறும் வரைக்கும் நான் இல்லை

தனியாக இருக்க ஒரு நேரம் எனக்குக் கிடைத்தது மகளைக் கட்டிக்கொடுத்த பிறகுதான். அதற்கு முன் நான் தனியாக இருந்ததே இல்லை. மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது நான் சின்னப் பிள்ளை. கற்பிட்டிப் பக்கத்து முகாமில் ஒரு நீளக் கொட்டிலைச் சாக்கால் மறித்து நாலு குடும்பம் இருந்தோம். சாக்குக்கு அந்தப் பக்கம் யார் இருமுகிறார்கள், யாருக்கு யாரோடு கோபம், யார் பானையில் பருப்பு அடிப்பிடித்தது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். எங்கள் சங்கதி அவர்களுக்குத் தெரியும். அழுவதென்றால் கிணற்றடிக்குப் போக வேண்டும், அங்கேயும் வரிசை நிற்கும்.

எங்கள் ஆட்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எனக்குத் தர வீடு இல்லாததால் நான் குறிஞ்சிப்பிட்டிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மீன் வியாபாரி. பள்ளியில் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு நேரே கடற்கரையில் மீன் இறங்கும் வாடிக்குப் போவார். மீனை ரெஜிபோம் பெட்டியில் ஐசோடு அடுக்கி, மோட்டார் சைக்கிளில் கட்டி, கனமூலை, மதுரங்குளி என்று விற்று முடித்து வெயில் உச்சிக்கு வரும்போது வீடு திரும்புவார். வெள்ளிக்கிழமை மட்டும் வியாபாரம் இல்லை. அன்று சுபஹ் தொழுத கையோடு வந்து படுத்துவிடுவார். ஆகவே விடியற்காலையில் என் புருஷன் எப்படி இருப்பார் என்பது இத்தனை வருஷமாக எனக்குச் சரியாகத் தெரியாது.

மகளும் என்னைப் போலவே மாப்பிள்ளை வீட்டுக்கு, கனமூலைக்கு, வாழப் போனதும் வீடு வெறிச்சென்று போனது. அந்த நாட்களில்தான் போனில் யாரோ ஒரு மௌலவியின் பயானைக் கேட்டேன். சுபஹ் தொழுத இடத்திலேயே சூரியன் ஏறும் வரைக்கும் அல்லாஹ்வை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, பிறகு இரண்டு ரக்அத் இஷ்ராக் தொழுதால் என்ன நன்மை என்று அவர் விளக்கினார். நன்மைக்கு ஆசைப்பட்டுத்தான் தொடங்கினேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது. விரலில் மாட்டிக்கொண்டு அமத்தினால் எண்ணிக்கை காட்டுகிற சின்ன மெஷின் ஒன்றையும் புத்தளம் கடைத்தெருவில் வாங்கினேன். கொஞ்ச நாளில் அதைக் கழற்றி அலுமாரியில் போட்டேன். நான் அல்லாஹ்வை நினைப்பதை விட்டுவிட்டு இலக்கம் ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அது திக்ர் இல்லை, மீன் நிறுக்கிற வேலை.

அதற்குப் பிறகு சத்தமில்லாமல், எண்ணாமல், மூச்சோடு மூச்சாக ஒரு பெயரை மட்டும் உள்ளே சொல்லிக்கொண்டு இருந்தேன். முதல் மாதங்களில் ஒன்றும் நடக்கவில்லை. மனசு ஊரெல்லாம் சுற்றியது. மகளின் மாமியார் சொன்ன ஒரு சொல்லுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில்களெல்லாம் அழகழகாக வரிசையில் வந்து நின்றன. முழங்கால் வலித்தது, நுளம்பு கடித்தது. ஆனாலும் எழும்பவில்லை. எனக்குப் பிடிவாதம் அதிகம், அது அங்கே உதவியது.

நேரத்தை மாற்றியும் பார்த்தேன். லுஹருக்குப் பிறகு உட்கார்ந்தால் சோறு தூக்கத்துக்குக் கூப்பிடும். அஸருக்குப் பிறகு பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் கதை கொடுப்பார்கள், பதில் சொல்லாவிட்டால் பெருமை பிடித்தவள் என்பார்கள். இஷாவுக்குப் பிறகு தலை தொங்கி முசல்லாப் பாயில் முட்டிவிடும். சுபஹுக்கும் வெயிலுக்கும் இடையில் மட்டும்தான் யாருக்கும் நான் தேவைப்படவில்லை. அப்பத்துக்குக் கரைத்த மா எப்போது பொங்குமென்று நாங்களா தீர்மானிக்கிறோம், அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது. இதுவும் அப்படித்தான் என்று விளங்கிக்கொண்டேன். பிறகு அந்த நேரத்தை வேறெதற்கும் கொடுக்கவில்லை. கச்சான் காற்று மண்ணை அள்ளி யன்னலில் அடித்தாலும், மாரி மழையில் கூரை ஒழுகினாலும், தொழுகை இல்லாத நாட்களிலும் அதே மூலையில் அதே நேரத்தில் உட்கார்ந்தேன். தொழத்தான் தடை, நினைக்கத் தடையில்லை.

எத்தனை நாள் கழித்தென்று தெரியாது, ஒரு நாள் மனசு சுற்றப் போகவில்லை. வீட்டிலேயே இருந்தது. அவ்வளவுதான், பெரிய காட்சி ஒன்றும் தெரியவில்லை. சாக்கு மறைப்பு இல்லாத ஓர் இடத்தில் முதல் தடவையாக இருப்பது போலிருந்தது. என் முன்னால் இருப்பது மேற்குச் சுவர். பின்னால் இருக்கும் கிழக்கு யன்னலால் வெயில் வந்து அந்தச் சுவரில் விழும். அதைக் கண்டதும் எழும்பி இரண்டு ரக்அத் தொழுவேன். பிறகு பாணோ, இடியப்பமோ, அன்றைய சண்டையோ, எது வந்தாலும் சமாளிப்பேன். என் வாய் கொஞ்சம் அடங்கிவிட்டது என்று மகளே சொன்னாள். அவள் இலேசில் அப்படிச் சொல்கிறவள் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் வாடியில் மீன் பெட்டியைத் தூக்கிய என் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். கொழும்புக்குக் கொண்டுபோய் அடைப்பெடுத்து, குழாய் வைத்து அனுப்பினார்கள். பாரம் தூக்கக்கூடாது, வியாபாரத்தை விட வேண்டும், வலி வந்தால் நாக்குக்குக் கீழே இந்தக் குளிசையை வைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மோட்டார் சைக்கிளை விற்றோம். மனுஷன் வீட்டோடு ஆனார்.

அவர் உயிரோடு வந்ததற்கு நான் எவ்வளவு அழுது நன்றி சொன்னேன் என்பது எனக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும். அதே மனுஷன் மறு கிழமையே என் பொறுமையைச் சோதிக்கத் தொடங்கினார். பள்ளியிலிருந்து வந்ததும் எனக்குப் பின்னால், இடது பக்கம், யன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்காருவார். உட்கார்ந்தால் கதைதான். வாடியில் கதைத்துப் பழகிய வாய், அது எங்கே போகும்?

"நகவெட்டி எங்க வெச்ச?"

நான் கண்ணைத் திறக்க மாட்டேன்.

"பாண்காரன் இன்னும் வரல்ல போல."

"ம்" என்று மூக்கால் ஒரு சத்தம் கொடுப்பேன், போதும் என்ற அர்த்தத்தில். அவர் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு நேற்றுப் பள்ளியில் யார் என்ன சொன்னார், இந்த வருஷம் சீலா மீன் ஏன் குறைவு என்று போய்க்கொண்டே இருப்பார். கடல் நிலவரம் முழுவதும் என் திக்ருக்குள் வந்துவிடும். சுவரில் வெயில் விழும்போது நான் கோபத்தோடு எழும்புவேன். அமைதிக்காக உட்கார்ந்துவிட்டுக் கோபத்தோடு எழும்புவதென்றால் அதைவிட உட்காராமலே இருந்திருக்கலாம்.

அவரை வேறு அறையில் இருக்கச் சொன்னேன், அங்கே காற்றில்லை என்றார். நான் குசினிக்குப் பாயைக் கொண்டுபோனேன், தேத்தண்ணி ஊற்றத்தான் போகிறேன் என்று நினைத்துப் பின்னாலேயே வந்தார். எனக்குள் பயம் வந்துவிட்டது. சிரிக்கிற விஷயமாகத் தெரியலாம், ஆனால் என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்த ஒரே சாமான் அந்த நேரம்தான். நகையை முகாமில் விற்றோம், வீடு அவருடையது, மகள் அவள் புருஷனுடையவள். இதுவும் போனால் பழையபடி அந்தச் சாக்கு மறைப்புக்குள்தான் போய்ச் சேருவேன் என்று தோன்றியது.

ஒரு நாள் நேருக்கு நேர் உட்கார வைத்துச் சொன்னேன். "இஞ்ச பாருங்க. சுபஹ் தொழுததிலிருந்து இந்தச் செவுத்துல வெயில் விழுற வரைக்கும் என்னோட கதைக்க வேணாம். நான் ஊட்ட இல்ல எண்டு நெனச்சுக்கங்க."

"என்ன அவசரம் வந்தாலும்?"

"காலையில உங்களுக்கு என்ன அவசரம் வரப் போவுது? நகவெட்டி தானே."

அவர் சிரித்தார். "சரி புள்ள, நீ இல்ல" என்றார்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் சொன்ன எத்தனையோ பேச்சை இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விட்ட மனுஷன், இதை மட்டும் அச்சொட்டாகக் கேட்டார். பள்ளியிலிருந்து வந்து செருப்பை வாசலுக்கு வெளியிலேயே கழற்றுவார். கதிரையைத் தூக்கி வைப்பார், இழுக்க மாட்டார். இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு வருவார். பின்னால் ஒருவர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதே எனக்கு ஒரு பலமாகிவிட்டது. முன்னைவிட ஆழமாக உட்கார முடிந்தது. மகளுக்குப் போன் எடுத்து, உன் வாப்பாவைத் திருத்திவிட்டேன் என்று பீற்றிக்கொண்டேன்.

அந்தக் காலையும் அப்படித்தான் தொடங்கியது. அவர் வந்தது தெரியும், கதிரை வைத்தது தெரியும், அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. நல்ல இருப்பு அன்று. கண்ணைத் திறந்தபோது சுவரில் வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. எழும்பி நின்று இரண்டு ரக்அத் தொழுதேன். அவசரப்படவில்லை, நிதானமாக ஓதித் தொழுதேன். கடைசியில் வலது பக்கம் ஸலாம் கொடுத்து, இடது பக்கம் முகத்தைத் திருப்பும்போதுதான் அவரைக் கண்டேன்.

சேட்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் சாம்பல் நிறம். ஒரு கை நெஞ்சில், மற்றக் கை கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. என்னைப் பார்த்து, "முடிஞ்சிச்சா?" என்று கேட்டார்.

நான் எப்படி எழும்பினேன், அலுமாரியை எப்படித் திறந்தேன் என்று நினைவில்லை. குளிசையை நாக்குக்குக் கீழே வைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் த்ரீவீல் ஓட்டுகிற தம்பியைக் கூப்பிட்டேன். அவன் பல் துலக்கிக்கொண்டிருந்த பிரஷோடு ஓடி வந்தான். இரண்டு பேருமாகத் தூக்கி வண்டியில் ஏற்றினோம். வண்டி ரோட்டில் ஏறியதும் எனக்கு வாய் வந்துவிட்டது.

"எப்ப தொடங்கிச்சு?"

"நீ கண்ண மூடிக் கொஞ்சத்தில."

"அவ்வளவு நேரமுமா? ஏன் கூப்பிடல்ல?"

"எழும்ப ஏலாமப் போச்சு."

"எழும்ப ஏலாட்டி வாய் இல்லையா? பக்கத்தில தானே இருந்தன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நீ இல்ல எண்டு தானே சொன்ன."

பகிடியாகத்தான் சொன்னார், உதட்டோரம் சிரிப்பு இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏசினேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஏசிக்கொண்டே போனேன், அழுதுகொண்டே ஏசினேன். மதரஸாவில் ஓதுகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஓர் உயிருக்கு ஆபத்தென்றால் கட்டாயக் கடமையான பர்ளுத் தொழுகையையே முறித்துக்கொண்டு ஓட வேண்டும். குழந்தை அழுதால் தாயின் மனம் தவிக்குமென்று ஜமாஅத்துத் தொழுகையையே சுருக்கிக் காட்டிய மார்க்கம் இது. வாழ்நாள் முழுக்க முதல் வரிசையில் நின்று தொழுத மனுஷனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் என் திக்ரை அவர் பர்ளுக்கும் மேலே தூக்கி வைத்துவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. த்ரீவீல் தம்பி கண்ணாடியில் பார்த்து, "தாத்தா, அவருக்கு இப்ப ஏசாதீங்க" என்றான், எங்கள் ஊரில் அக்காவைத் தாத்தா என்போம். அவனுக்கும் சேர்த்து ஏச்சு ஒன்று கொடுத்தேன்.

அங்கிருந்து அம்புலன்சில் புத்தளத்துக்கு அனுப்பினார்கள். இன்னும் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டொக்டர் சொன்னார். எவ்வளவு பிந்தியிருந்தால் என்று நான் கேட்கவில்லை. மருந்து மாற்றி, சில நாள் வார்டில் வைத்துப் பார்த்தார்கள். ஆண்கள் வார்டில் பெண்களை நிற்க விடமாட்டார்கள். நான் வெளி விறாந்தையில் வாங்குப் பலகையில் இருந்தேன். சுபஹுக்கு அங்கேயே ஒரு மூலையில் தொழுதேன். தொழுது முடிந்ததும் உடம்பு பழக்கத்துக்கு அப்படியே உட்கார்ந்தது. மனசு உட்காரவில்லை. கண்ணை மூடினால் சாம்பல் நிற முகம் வந்தது. உடனே எழும்பிப் போய் வார்டுக் கதவின் கண்ணாடியால் எட்டிப் பார்ப்பேன். தாதி கையால் போ என்று காட்டுவாள். திரும்பி வந்து உட்காருவேன், மறுபடியும் எழும்புவேன். அந்த நேரத்தின் மேல் எனக்கு வெறுப்பே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த அன்று முசல்லாவை மடித்து அலுமாரிக்கு மேலே வைத்தேன். சுபஹைத் தொழுதுவிட்டு நேரே குசினிக்குப் போனேன். மகளும் அதுதான் சரி என்றாள். "வாப்பா தூங்கின பொறகு வேற நேரத்தில இருங்க உம்மா, எந்த நேரமும் அல்லாஹ்ட நேரம் தானே" என்றாள். சொல்வது சுகம். வேறு நேரம் எனக்குக் கைகூடாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் விட்டுவிடுவதென்றே முடிவெடுத்தேன். நான் கண்ணை மூடுகிற நேரத்தில் இந்த மனுஷன் போய்விட்டால் அதற்குப் பிறகு எந்தப் பாயில் போய் உட்காருவேன்?

அவர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து வந்து, குசினி வாசலில் நின்றார்.

"ஏன் இருக்கல்ல?"

"வேல இரிக்கி."

"இந்த நேரத்தில உனக்கு ஒரு வேலையும் இல்ல. எனக்குத் தெரியும், நான் தானே பின்னால இருந்து பாத்தவன்." வாசல் நிலையில் சாய்ந்தார். பிறகு சொன்னார்: "எனக்கும் அது வேணும் புள்ள. வாடிய விட்டு வந்த பொறகு விடியக்காலையில எனக்குப் பயம். அந்த நேரத்தில தானே விழுந்தன். பள்ளியால வரக்குள்ளயே நெஞ்சு படபடக்கும். அதுதான் வந்து அவ்வளவு கதைச்சன். பொறகு நீ கதைக்க வேணாம் எண்ட. சும்மா உன்ட முதுகப் பாத்துக்கொண்டு இருந்தன். பயம் கொறஞ்சிச்சு."

நகவெட்டிக் கதையெல்லாம் பயத்தில் வந்த கதை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் பயந்து நான் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பயத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் முசல்லாவை எடுத்து விரித்தோம். கதிரையை எனக்கு எட்டும் தூரத்துக்கு இழுத்துப் போட்டார். குளிசை அவர் சேட்டுப் பையில் இருந்தது. என் தொழுகைத் துப்பட்டியின் ஓரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "ஒண்டு எண்டாலும் இழுங்க. ஒண்டுமில்லாட்டியும் இழுங்க. நான் இங்கதான் இரிக்கன்."

உட்கார்ந்து கொஞ்ச நேரத்திலேயே துப்பட்டி இழுபட்டது. சடாரென்று திரும்பினேன்.

"சும்மா. வேல செய்யுதா எண்டு பாத்தன்" என்றார்.

அன்று மட்டுமில்லை, ஒவ்வொரு நாளும் ஒரு தடவையாவது இழுப்பார். நான் கண்ணைத் திறந்து "ம்?" என்பேன். "ஒண்டுமில்ல" என்பார். கண்ணை மூடிக்கொள்வேன். முதலில் அது இடைஞ்சலாக இருந்தது, போகப் போக இல்லை. மனசு எங்காவது போயிருந்தால் அந்த இழுப்பு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும். எப்போது வருமென்று தெரியாது என்பதால் கவனமாகவே இருப்பேன். இத்தனை நாளும் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பழகியதைவிட இதில் அதிகம் பழகினேன் என்று சொன்னால் மௌலவிமார் என்ன சொல்வார்களோ தெரியாது.

போன மாதம் ஒரு நாள் துப்பட்டி இழுபடவில்லை. சுவர் வெளுத்துக்கொண்டு வந்தது, வெயில் விழவில்லை. நான் காத்திருந்தேன். பிறகு காத்திருக்க முடியவில்லை. மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சரிந்து, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. துப்பட்டி ஓரம் விரலில் ஒரு சுற்று சுற்றியிருந்தது. அவர் நெஞ்சையே பார்த்தேன். சேட்டுப் பொத்தான் மேலே வந்தது, கீழே போனது. திரும்பவும் மேலே வந்தது. தூங்குகிறார்.

எழும்பினால் துணி இழுபடும், விழித்துவிடுவார். அதனால் எழும்பவில்லை. கிப்லாத் திசைச் சுவருக்கும் திரும்பவில்லை. வெயில் சுவரில் விழுந்தது என் முதுகுக்குப் பின்னால் நடந்தது, நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இருப்பில் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை. கேட்பதற்கு வேறு நேரம் இருக்கிறது, இது நினைப்பதற்கு மட்டும் என்று கறாராக இருந்தேன். அன்று கேட்டேன். யா அல்லாஹ், இந்த மனுஷனுக்கு முந்தி என்னை எடு என்று வாயைத் திறந்து கேட்டேன். கேட்ட கையோடு, நான் போனால் விடியற்காலையில் இவர் யாருடைய துணியைப் பிடித்துக்கொண்டிருப்பார் என்று நினைப்பு வந்தது. உடனே அந்த துஆவைத் திருப்பி வாங்கினேன்.